விட்ட இடத்தில் எதை வைப்பது

என் அன்புக்குரிய பாவாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டில் முதலாம் ஆண்டு நினைவு நாள் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதில் இருப்பது உங்கள் பழைய படம். இரண்டு கன்னமும் முழுசாக, மீசையோடு சிரிக்கிறீர்கள். அக்காதான் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கடைசி வருஷத்துப் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

எதனால் இறந்தீர்கள் என்று போஸ்டரில் ஒரு வார்த்தை இல்லை. போட்டால் என்ன பாவா? அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டே நாலு பேர் உதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் பவர்லூமில் லுங்கி நெய்தீர்கள். நான் பேட்டையிலிருந்து கே.ஜி.கண்டிகை வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். என் அக்காவைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. எனக்குப் புகையிலையைப் பழக்கியது நீங்கள்தான் என்று அக்கா இன்னமும் நினைக்கிறாள். அது உங்கள்மேல் விழுந்த வீண் பழி. ஆட்டோ ஸ்டாண்டில் நானாகவே பழகினேன். அப்புறம் நாம் ஒருவருக்கொருவர் பொட்டலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

தறி ஓடும் ஷெட்டில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. "வாயி சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும் மச்சான், அதுக்குத்தான் இது" என்பீர்கள். பஞ்சுத் தூசி தொண்டையில் இறங்காது என்றும் சொல்வீர்கள். எனக்கு அந்தக் காரணம்கூடக் கிடையாது. காலையில் டீ குடித்ததும், மதியம் சோறு தின்றதும், பொழுது சாய்கிற நேரத்தில் சவாரி குறைந்ததும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

விட்டுப் பார்க்காதவரா நீங்கள்? வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மாலை போடுவீர்கள். கழுத்தில் மாலை இருக்கிற வரைக்கும் பொட்டலத்தைத் தொட மாட்டீர்கள். மலையேறிக் காவடியைச் செலுத்தி, மாலையைக் கழற்றிவிட்டுக் கீழே வந்ததும், முதல் வேலையாக ஏதாவது ஒரு பெட்டிக்கடையைத் தேடுவீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

பிறகு உங்களுக்குக் காரம் எரிய ஆரம்பித்தது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. இட்லியைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினீர்கள். திருத்தணியில் பார்த்த டாக்டர் உங்கள் கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்குப் போன அன்று காலை, திருத்தணி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தோம். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் பொட்டலத்தைத் தண்டவாளத்தில் வீசிவிட்டு, "விட்டுட்டேன் பாவா, இனிமே தொட மாட்டேன்" என்றேன்.

"அப்டி சொல்லாத" என்றீர்கள். "நானுந்தான் வருசா வருசம் வுட்டேன். வுடறது ஒண்ணும் பெருசில்ல மச்சான். வுட்ட எடத்துல இன்னா வச்சேன்? ஒண்ணும் வைக்கல. காலியா கெடந்துச்சி. அதான் திரும்பி வந்து குந்திக்கிச்சி. நாளைக்கி டீ குடிச்சிட்டு நீ இன்னா பண்ணுவ? அத்த சொல்லு."

நான் தண்டவாளத்தில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தேன்.

"சரி, பந்தயம் வச்சிக்கலாம். நாக்குலயும் கொஞ்சம் எடுக்கணும்னு டாக்டரு சொல்றாரு. நான் பேசாம இருக்கறேன். நீ போடாம இரு. யாரு மொதல்ல தோக்கறாங்கன்னு பாப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். திறக்காத வாயால் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு பக்கத்துத் தாடை, கன்னம், நாக்கில் ஒரு பங்கு. எடுத்த இடத்தை மூட மார்பிலிருந்து சதையைக் கொண்டுவந்து தைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது மூக்கில் ஒரு டியூப் இருந்தது. இனி சாப்பாடு அது வழியாகத்தான் என்றார்கள். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போக வேண்டும் என்பதால் உங்கள் தறியில் அக்கா போய் நின்றாள். உங்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது.

நர்ஸம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். தலையை உயர்த்தி வைக்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் ஊற்றி, உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதுவாக இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. ஒரு கையில் சிரிஞ்ச், இன்னொரு கையில் டியூப். காலை டீக்கு அப்புறம், மதியம், பொழுது சாயும் நேரம். என் கை சட்டைப் பைக்குப் போகும் அதே வேளைகள்தான். அந்த நேரத்தில் எனக்கு இரண்டு கையும் காலியாக இல்லை. ஸ்டேஷனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது. இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம்.

சுலபமாகப் போகவில்லை. தலை வலித்தது. பயணிகளிடம் எரிந்து விழுந்தேன். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் பழைய சிநேகிதன் பொட்டலத்தைப் பிரித்தால், வாசனை வருமுன்னே எழுந்து போய் ஆட்டோவைத் துடைப்பேன். மற்ற வேளைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் சோம்பு மென்றேன்.

நீங்கள் விடுகிற ஆளா? ஒவ்வொரு தடவையும் கஞ்சி இறங்கி முடிந்ததும் விரலால் ஜாடை காட்டுவீர்கள். நான் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கையை நீட்ட வேண்டும், நீங்கள் விரல் நுனியை மோந்து பார்ப்பீர்கள். ஒருநாள் சோம்பு வாசனையைப் பாக்குப் பொட்டலம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பையைக் குடைந்து சோம்புப் பொட்டலத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பேச்சுப் பயிற்சிக்குப் போனால் ஓரளவு பேசலாம் என்றார்கள். நீங்கள் வரவில்லை. பந்தயத்துக்காகவா, இல்லை அந்தக் குரலை அக்கா கேட்க வேண்டாம் என்றா? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டேன்.

ரேடியேஷன் கரண்ட் வைத்ததில் கழுத்துத் தோல் கருகியது. அது ஆறுவதற்குள் கழுத்தில் கட்டி வந்தது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புண்ணின் வாடைக்கு ஊதுபத்தி ஏற்றினோம். சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு மதியம் நான் சிரிஞ்சைத் தூக்கியபோது நீங்கள் டியூபை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"கொஞ்சமா ஊத்தறேன் பாவா" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். சாயங்காலமும் மடக்கிக்கொண்டீர்கள். மறுநாள் அக்கா தறிக்குப் போகாமல் உங்கள் காலடியில் உட்கார்ந்து, "ரெண்டு வாய் குடிங்க, எனக்கோசரம்" என்று கெஞ்சினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்களே தவிர டியூபை விடவில்லை. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டீர்கள். ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை. பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

தோற்றது நான். அதையும் இங்கே சொல்ல வேண்டும். உங்களைச் சுமந்தவர்களில் கோபியும் ஒருவன். உங்களுக்கு அடுத்த தறியில் ஓட்டினானே, அதே கோபி. சுடுகாட்டில் உங்களுக்குத் தீ வைத்து முடித்ததும் அவன் பொட்டலத்தை எடுத்து எல்லோருக்கும் நீட்டினான். வாங்காதவர்கள் இல்லை. "போட்டுக்க சேகரு, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றான். வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆறுதலாகத்தான் இருந்தது பாவா. அதுதான் கேவலம். காரியம் முடிகிற வரைக்கும் அதை வாயில் வைத்துக்கொண்டே உங்கள் வீட்டுக்கு வந்துபோனேன். கஞ்சி ஊற்றுகிற வேளை வந்தால் கை இரண்டும் சும்மா கிடந்தன.

அக்கா கண்டுபிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தலையை முடிந்துகொண்டே, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொரு தபா பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா. உனக்கு வந்தா நீயே போய் எங்கியாச்சும் கெட. என்னக் கூப்புடாத."

அன்று மதியம் அவள் ஷெட்டுக்குப் போனேன். அவள் தறிப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒரு கையால் அறுந்த நூலை முடிந்துகொண்டு, இன்னொரு கையால் டப்பாவிலிருந்து சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் படுத்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் சின்ன வயதில் கொஞ்ச நாள் தறி ஓட்டியவன்தானே. காதோடு வாயை வைத்துக் கத்தினேன்: "நான் பாத்துக்கறேன், நீ வெளிய போய் குந்தி துன்னு." நம்பாமல் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது மதியம் அப்படித்தான் போகிறது. நான் நெய்தால் ஓரம் கோணலாக வருகிறது, முதலாளி முறைக்கிறார். காலையும் மாலையும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. நடக்கிறேன், ஆட்டோவைக் கழுவுகிறேன், சில நாள் வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இன்னும் ஒரு தடவை போட்டேன். துப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

போன வாரம் கோபி என் ஆட்டோவில் வந்து ஏறினான். மற்றவர்கள் இறங்கும் வரைக்கும் காத்திருந்தான். அப்புறம் கேட்டான்.

"சேகரு, சோறு துன்னா எரியுது. வாயி சரியா தொறக்க மாட்டேங்குது. உங்க பாவாவுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சிதா?"

"ஆங்" என்றேன்.

"இப்ப வுட்டுட்டா சரியாயிடுமா?"

என்ன சொல்வேன் பாவா? சரியாகும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆகாது என்று சொல்ல நான் யார்? வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "நாளைக்கி டீ குடிச்சிட்டு இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். அவன் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. "மெட்ராஸ்ல ஒரு தபா காட்டிடலாம், நானும் கூட வரேன்" என்றேன். வீட்டில் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில் அவனை மெட்ராஸுக்குக் கூட்டிப் போகிறேன். டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. இனிமேல் தொடவே மாட்டேன் என்று உங்களிடம் நான் சத்தியம் செய்யப்போவதில்லை. அந்தப் பேச்சு உங்களுக்குப் பிடிக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். டாக்டர் அவனிடம் எதைச் சொன்னாலும், அதைக் கேட்டு முடித்த பிறகு அவன் தனியாக வீடு திரும்ப மாட்டான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
உங்கள் பெண்டாட்டிக்கு ஒரே தம்பி,
சேகர்