கரண்டுக்கு அசராத கை

ஜூன் 3, திங்கள்
சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. மனைவி சென்னம்மாள்தான் போட்டுவிட்டாள். அவளிடம் சொன்னேன், புதுச் சட்டை, துளை இறுக்கம் என்று. சட்டைக்கு ஆறு வயது.

ஜூன் 6
சித்தேரி மலைப்பாதையில் ஸ்டீயரிங் கையில் இருப்பதே தெரியவில்லை. ஜீப் நிறைய ஆள். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்றேன். சிரித்தார்கள். இருபது வருடம் ஓட்டிய கை — போய்விட்டால்?

ஜூன் 10
தர்மபுரியில் நரம்பு டாக்டர். கைக்குள் கரண்டு விட்டுப் பார்க்கணுமாம், வியாழக்கிழமை. எனக்கென்ன பயம்? நல்லம்பள்ளியில் பதினோராயிரம் வோல்ட் கம்பியைத் தொட்டவன். போன வருடம் நானூறு என்று சொல்லியிருக்கலாம். தொட்டது தொட்டதுதான்.

ஜூன் 13
எண்ணெயில் கரண்டு வழுக்கிவிடும் என்பது என் கணக்கு. முழங்கை வரை வேப்பெண்ணெய் பூசிப் போனேன். கரண்டு விடுவதற்குக் கையில் ஒட்ட வேண்டிய பட்டை ஒட்டவேயில்லை.

டெஸ்ட் எடுக்கும் பெண் கேட்டாள்: "ஏனுங்க, கையைப் பொரிக்கறதுக்கா கொண்டாந்தீங்க?"

கூட வந்த அக்கா மகள் அன்பரசி: "எண்ணெய் கூடாதுன்னு டாக்டர் குடுத்த தாள்ல போட்டிருக்குதே மாமா. படிச்சேன்னீங்க?"

"பின்பக்கம் படிக்கல."

பின்பக்கம் வெறுந்தாள்.

சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, காப்பைக் கழற்றி, கை சில்லென்று இருக்கக்கூடாதென்று வெந்நீர்ப் பை வைத்தார்கள். பிறகு சுளீர், சுளீர். ரப்பர் பேண்டால் அடித்த மாதிரி. விரல் தானாகத் துள்ளியது. அடுத்து டாக்டர் கட்டைவிரல் அடியில் மெல்லிய ஊசி குத்தினார்; அதில் கரண்டு இல்லை. விரலை இறுக்கச் சொன்னார். மெஷினில் தகரத்தின்மேல் மழை பெய்கிற சத்தம்.

"உங்க சதை பேசறதுங்க அது. நல்லாவே பேசுது. உசுரு இருக்குது" என்றார் டாக்டர்.

ஊசி குத்தினால் கண்ணில் தண்ணீர் வருவது இயற்கை.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். சின்ன ஆபரேஷன். அதுவரை ஜீப் கூடாது.

ஜூன் 14
டீக்கடையில் நாற்பதாயிரம் வோல்ட் என்றேன். மெஷின் புகைந்தது என்றும். இரண்டு பேர் நம்பினார்கள்.

ஜூலை 2
ஆபரேஷன் முடிந்தது. இடது கையால் எழுதுகிறேன். போதும்.

ஆகஸ்ட் 19
நேற்று ஆள் ஏற்றாமல் சித்தேரி வரை ஜீப்பில் போய் வந்தேன். ஸ்டீயரிங் சூடு கையில் தெரிந்தது.

காலையில் ஐந்து பொத்தானையும் நானே போட்டேன். சென்னம்மாள் வரும் சத்தம் கேட்டது. மேல் இரண்டைக் கழற்றிவிட்டு நின்றேன். போட்டுவிட்டாள். டீக்கடையில் இதைச் சொல்லவில்லை.