வைத்தியருக்கு நீ காட்டிய சுஜூது

நேற்று அசர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் உன் மனைவி வந்து ஒரு கடைப்பையை என் மேசையில் வைத்தார். "காக்கா, ஒங்களுக்கும் நாரி நோ எண்டு கேள்விப்பட்டன். இது அலுமாரிக்குள்ள சும்மா கெடக்கு. கழுவித்தான் வெச்சிரிக்கன்" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

பைக்குள் நாரி நோவுக்காக நீ இடுப்பில் கட்டிவந்த பெல்ட் இருந்தது. கழுவியிருந்தார், பொய்யில்லை. ஆனாலும் ஒட்டும் பட்டியைப் பிரித்தபோது உன் தைலத்தின் மணம் எழும்பியது. அதற்கும் அடியில் தவிட்டு மணம், உன் நெல் மில்லுக்குள் காலை வைத்ததும் மூக்கில் ஏறுகிற அதே மணம். கழுவக் கழுவப் போகாத ஒன்று இந்த உலகத்தில் உண்டென்றால் அது தவிடுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நான் அதைக் கட்டிப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நீ மவுத்தாகி இரண்டாவது நோன்பும் வந்து போய்விட்டது. அந்த நோன்பில்தான் எனக்கும் தொடங்கியது. தராவீஹ் தொழுகையில் நீண்ட நேரம் நின்றபோது நாரிக்குள் ஏதோ ஒன்று திருகிக்கொண்டது. உனக்கு வந்த அதே இடம் என்று சொல்லமாட்டேன், உன்னுடையது இன்னும் கொஞ்சம் மேலே. ஆனால் முதலில் வந்தது உன் ஞாபகம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

நம் ஊரில் நோவென்று வாய் திறந்தவனுக்கு வைத்தியர் பஞ்சமில்லை. உன் மில்லுக்கு நெல் குற்ற வந்தவர்கள் எல்லாரிடமும் உன் நாரியைப் பற்றி ஒரு தீர்ப்பு இருந்தது.

"வாயு மச்சான். உள்ளிய அவிச்சுக் குடி."

"வாயு இல்ல, இது குளிர் ஏறின நோ. ஏசிக்குள்ள படுக்கிறத உடு."

"ஏசி எங்கடா எனக்கிட்ட?"

"அப்ப காத்தாடிய உடு."

அவர்கள் போனபிறகு நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய். "ஒரு மூட்டைக்கு ஒரு கை தாங்க எண்டா ஒருத்தனும் வரமாட்டான். நோவுக்கு மருந்து சொல்ல நாப்பது பேரு தானா வாறானுகள்."

காரைதீவுப் பரியாரியார் உன்னைக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துப் பத்துப் போட்டார். இறால், கத்தரிக்காய், தயிர் எதுவும் ஆகாது என்றார். கத்தரிக்காயையும் தயிரையும் நீ விட்டாய். "இறாலையும் உட்டா கல்முனையில மனிசன் எதுக்கு இரிக்கிற?" என்றாய். பிறகு யாரோ ஓதிய எண்ணெய் கொண்டுவந்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரன் தன் யோசனையில் ஒரு குளிசை தந்தான். நான் அப்போதிருந்தே சொன்னேன்: படுத்தாலும் அடங்காத நோ, ராவானால் கூடுகிற நோ, மூட்டை தூக்கி வந்த நோவாக இருக்காது, ஒரு நிபுணரிடம் காட்டு. நான் படித்தவன்தான், ஆனால் படிப்பித்தது சரித்திரம். என் சொல்லும் அந்த நாற்பதோடு நாற்பத்தொன்றாகப் போனது.

பள்ளியில் நடந்ததையும் நான் மறக்கவில்லை. ஒரு லுஹர் தொழுகைக்கு நீ பின் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்து தொழுதாய். முடிந்து வெளியே வரும்போது மரைக்கார், பள்ளி நிருவாகத்தில் நம் தாய்வழிக் குடிக்காகக் கதைக்க என்று நாமே தெரிவுசெய்து வைத்த மனிதர், நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: "நெல்லு மூட்ட தூக்க நாரி இரிக்கி. அல்லாஹ்வுக்குக் குனியத்தான் நாரி இல்ல, என்ன?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அடுத்த வக்துத் தொழுகையிலிருந்து நீ கதிரையைத் தொடவில்லை.

"அந்தாளுட கதைக்காகவா?" என்று கேட்டேன்.

"அந்தாளுக்காக இல்ல மச்சான். கதிரையில ஒருக்காக் குந்தினா பொறகு எழும்பேலா. ஊரு நம்மள நோயாளியாக்கிப் போட்டுத்தான் மத்த வேல பாக்கும்."

அதன்பிறகு நீ குனிவதற்கு ஒரு முறையைப் பழகிக்கொண்டாய். கைகளைத் தொடையில் வழியவிட்டு, மூச்சைக் கட்டி, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்குவாய். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் சுகமான மனிதனின் தொழுகை. தோளோடு தோள் ஒட்டி நின்றபடியால் எனக்கு மட்டும் தெரியும். நெற்றி நிலத்தில் பட்டபிறகுதான் உன் மூச்சு வெளியே வரும்.

கடைசியில் எப்படியோ சம்மதித்தாய். கண்டியிலிருந்து கிழமைக்கு ஒரு நாள் வருகிற முள்ளந்தண்டு நிபுணருக்குச் சனல் போட்டு இலக்கம் எடுத்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது, உனக்கு இங்கிலீசு வராது, இடையில் நான். பின்னேரம் வரை அவருடைய அறைக்கு வெளியே கொரிடோரில் இருந்தோம். மருதமுனையிலிருந்து வந்த ஒரு வயதான உம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஒங்களுக்கு எந்த எடம் மனெ?" என்று விசாரித்தார். "நாரி உம்மா. ஒங்கட நாரியையும் என்ட முழங்காலையும் பொருத்தினா ஒரு முழு ஆள் வரும்" என்றாய். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன்னைப் பற்றி நினைக்கும்போது அந்தக் கொரிடோரிலேயே நின்றுவிட எனக்கு முடியுமென்றால் நின்றுவிடுவேன்.

நியாயமாகச் சொன்னால், அந்த வைத்தியர் முதலில் காதுகொடுத்துக் கேட்டார். ராவில் கூடுகிறது என்றேன். சாறன் இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு இளைத்துவிட்டது என்றேன். தலையை ஆட்டினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று துண்டை இழுத்து எழுதவும் தொடங்கினார். அந்த நேரம்தான் நீ என் கையைத் தட்டினாய்.

"மச்சான், சுஜூது செய்யலாமா எண்டு கேளு."

கேட்டேன். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தொழும்போது நெற்றியை நிலத்தில் வைப்பது என்று விளக்கத் தொடங்கினேன். எவ்வளவு குனிய வேண்டும், முழங்கால் முதலில் படுமா கை முதலில் படுமா என்று அவர் கேட்டார்.

"இதுக்கு என்னத்துக்கு இங்கிலீசு? நான் காட்டுறன்" என்று நீ எழும்பிவிட்டாய்.

செருப்பைக் கழற்றினாய். பிறகு ஒரு கணம் நின்று, ஜன்னலில் விழுந்த வெயிலைப் பார்த்துக் கிப்லா இருக்கும் மேற்கு எந்தப் பக்கம் என்று கணித்தாய். வைத்தியர் இருந்தது கிழக்குப் பக்கத்தில், மேசைக்குப் பின்னால். நீ அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாய். "மனிசனுக்கு முன்னால நெத்திய வெக்கேலா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாய். அப்படியே இறங்கினாய்.

நான் மேற்குச் சுவரோரம் நிறை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். உன் முகம் என் பக்கம் இருந்தது. கண்கள் இறுகியிருந்தன. கீழுதடு பல்லுக்குள் கிடந்தது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து தரையில் சொட்டியது. அவர் கண்டது உன் முதுகை. நடுங்காமல் வழுக்கி இறங்கி, அதே மாதிரி எழும்பிய முதுகு.

அவர் பேனையை வைத்துவிட்டார். என்னாலேயே இப்படிக் குனிய முடியாது என்று சொல்லிச் சிரித்தார். இவ்வளவு வளைகிற முதுகில் பெரிதாக ஒன்றும் இருக்காது, தசைப் பிடிப்புத்தான், குளிசையும் பயிற்சியும் போதும் என்றார். நான் விடவில்லை. ஐயா, அது நோவில்லாத குனிவல்ல, பழக்கம், நீங்கள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். "அவர் நன்றாகத்தானே செய்தார்" என்றார். வெளியில் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுதத் தொடங்கிய துண்டு மேசைக்குக் கீழே கூடைக்குள் போனது.

"என்னவாம்?" என்று கேட்டாய்.

"சுஜூது செய்யலாமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாய். கல்யாண வீட்டுக்காரனைப் போல என்னைத் தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிளேன்டி வாங்கித் தந்தாய். அந்தக் கடையிலேயே தொடங்கினேன்: ஸ்கேனை நாமாகவே எடுப்போம், வேறொரு ஆளிடம் காட்டுவோம். "உடு மச்சான், டொக்டரே சொல்லிட்டாரு." பிறகு மில்லிலும், பள்ளிக்குப் போகும் வழியிலும், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வசனத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதைப்போல எடுத்து நீட்டினாய். டொக்டரே சொல்லிட்டாரு. உன் மனைவிகூடப் பிறகு அதையே சொன்னார்.

பிறகு ஒரு ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்து பள்ளிப் படிகளில் இறங்கி நீ எனக்கு முன்னால் கேற்றை நோக்கி நடந்தாய். பின்னாலிருந்து யாரோ, "மாப்பிள, ஒத்தச் செருப்போட எங்க போறீங்க?" என்று சத்தம் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே திரும்பினாய், குனிந்து பார்த்தாய், சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. ஒரு செருப்பு படியில் கிடந்தது. வெறுங்காலோடு அந்தச் சுடுமணலில் நடந்து வந்திருக்கிறாய்.

"மச்சான்" என்றாய், மிகவும் மெதுவாக, "கழண்டது தெரியல்ல."

அதன்பிறகு எல்லாம் சுருக்கமாக முடிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வேறெங்கோ தொடங்கிய கட்டி முள்ளந்தண்டுக்கு ஏறியிருந்தது. முந்தியே பார்த்திருந்தால் கால்களையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று வார்டில் ஒரு இளம் வைத்தியர் சொன்னார். உயிரைக் காப்பாற்ற எப்படியும் முடிந்திருக்காது என்றும் சொன்னார். அதை ஆறுதலுக்காகச் சொன்னார் போலிருக்கிறது. நான் இன்றுவரை அதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

உன் கட்டில் கதவைப் பார்த்துக் கிடந்தது. கிப்லாப் பக்கம் திருப்பித் தரும்படி கேட்டுப் பார்த்தோம், வயர்களும் சுவரும் இடம் தரவில்லை. நீ கண்களால் தொழுதாய். ஒரு நாள் வைத்தியர்கள் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாய்: "இப்ப எல்லா டொக்டரும் என்ட மொகத்தத்தான் பாக்காங்க மச்சான்."

பகடியாகத்தான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றி ஊரில், இவன் எதையும் மறக்காத ஆள் என்கிறார்கள். எனக்கு வரவேண்டிய பாடசாலை அதிபர் பதவியைத் தட்டிப் பறித்தவனுக்கும் நான் முகம் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதுவெல்லாம் சின்ன விசயம். அந்த நிபுணர் இன்னும் வருகிறார், அவருடைய பெயர்ப் பலகை முந்தியதைவிடப் பெரிதாகிவிட்டது. மரைக்காருக்கு இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. முதல் வரிசை ஓரத்தில், மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய மெத்தை போட்ட கதிரையில் இருந்து தொழுகிறார். அவர் சலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை, சொல்கிறேன். கை கொடுப்பதில்லை. போன கிழமை நான் ருகூவில் குனிந்து எழும்பச் சிரமப்பட்டதைக் கண்டுவிட்டு, தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சேர், நீங்களும் ஒரு கதிரைய எடுத்துப் போடுங்களன். இதுல என்ன இரிக்கி?"

இதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ ஒரு தடவை முனகியிருக்கலாம். அந்த அறையில் மேற்கைத் தேடாமல் நின்ற பக்கமாகவே குனிந்திருக்கலாம். தொழுகையா அது? ஒரு மனிதனுக்குச் செய்து காட்டியதுதானே. இதை நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் கேட்டேன். "நெத்திக்கு அது தெரியுமா?" என்றாய்.

இன்று காலையில் என் மனைவியின் தொல்லை தாங்காமல் நானும் ஒரு வைத்தியரிடம் போனேன். நம் ஊர்ப் பிள்ளை, தமிழில் கதைக்கிறவர், நல்லவர். போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவருக்கு நேரே நிற்பது, மூச்சைக் கட்டாமல் விடுவது, நோ வந்தால் வாய்விட்டு முனகுவது. உனக்காகவும் சேர்த்து முனகுவது என்றுகூட நினைத்திருந்தேன்.

"குனிஞ்சு கால் விரலத் தொட்டுக் காட்டுங்க சேர்."

அவருக்கு நேரே திரும்பி நின்றேன். கைகள் தொடையில் வழிந்து இறங்கின. மூச்சு தானாகக் கட்டிக்கொண்டது. விரல் நுனி காலைத் தொட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. இத்தனை காலம் உன் தோளோடு ஒட்டி நின்று நானும் பழகியிருக்கிறேன். பழகியது தெரியாமல் பழகியிருக்கிறேன். நாரிக்குள் நெருப்பு எரிந்தது. அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வளையுறீங்களே சேர். பயப்பட ஒண்டுமில்ல."

உன்னைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது வேற சேர், இது வேற. குளிசையப் போட்டுப் பாப்பம்" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உனக்குச் சொன்னவரும் அப்படித்தான் சொன்னார். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க மேற்குச் சுவரோரம் நான் நின்றேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அந்தச் சுவரோரம் நிற்க ஆளுமில்லை.

கிளினிக் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினேன். கொஞ்சத் தூரம் போனதும் நின்று குனிந்து பார்த்தேன். செருப்பு இரண்டும் காலில் இருந்தன. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த வைத்தியம் இவ்வளவுதான்.

பெல்ட்டை இப்போது கட்டியிருக்கிறேன், உன்னைப் போலவே சட்டைக்கு உள்ளே. மஃரிபுக்குப் பாங்கு சொல்லப்போகிறார்கள். கதிரை எடுப்பேனா என்று எனக்குத் தெரியாது. பள்ளி வரைக்கும் கீழே பார்த்துக்கொண்டுதான் நடப்பேன். ஊர்ச் சனம் அதைப் பணிவென்று நினைத்துக்கொள்ளட்டும்.