சனிக்கிழமைக்கு இடம் தேட வேண்டாம்

அன்புள்ள அண்ணை,

இன்று குசினி அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது உங்கள் அளவுக் குவளை கையில் அகப்பட்டது. பக்கத்தில் கறுப்பு மையால் நீங்கள் கீறிய கோடு இன்னும் அழியவில்லை. ஒரு நாளைக்கு உங்களுக்கு விட்டிருந்த தண்ணீர் அந்தக் கோட்டோடு முடிந்துவிடும். தேத்தண்ணீர், சொதி, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள்தான். காலையில்தான் பொஸ்டனிலிருந்து தம்பி போன் எடுத்திருந்தான். "அக்கா, தாங்ஸ்கிவிங் வருது. லீவு இருக்கு, வரட்டே?" என்றான். வா என்றேன். எங்கே போவது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மச்சாள் உங்களைத் தனியே விட்டுக் கண்ணை மூடிய பிறகு, சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நிலையில், நீங்கள் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக் கீழறைக்கு வந்தீர்கள். செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷின். மற்ற நாட்களில் அந்த மெஷினின் களைப்பு. உங்களுக்கு ஆகாத பொட்டாசியம் போக, உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் அவித்து வடித்துத் தருவேன். "வெறும் சக்கை" என்பீர்கள். இருந்தும் தின்பீர்கள். உங்களுக்கு இருதயமும் பலவீனம் என்பதால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த ஏலாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் என்னோடு இருந்த அந்த வருடமும் தம்பிதான் இந்தப் பேச்சைத் தொடங்கினான். அமெரிக்காவில் தாங்ஸ்கிவிங் லீவு நாலு நாளும்தான் தன்னை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், வருகிறேன் என்றான். நீங்கள் போனை என்னிடமிருந்து வாங்கி, "வா. ஆனா லண்டனில குந்தியிருக்கிறேல்லை. கேன்டர்பரிக்குப் போவம்" என்றீர்கள்.

எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. லொறியில் ஒளிந்து வந்து டோவரில் பிடிபட்ட உங்களை, விடிகாலையில் வேறொரு வாகனத்தில் லண்டனுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் தூரத்தே ஒரு தேவாலயக் கோபுரம் தெரிந்ததாம். பக்கத்திலிருந்த அதிகாரியிடம் கையைக் காட்டிக் கேட்டபோது, அவர் ஊரின் பெயரை இரண்டு தரம் நிதானமாகச் சொன்னாராம். இந்த நாட்டில் உங்களோடு மரியாதையாகப் பேசப்பட்ட முதல் வார்த்தை அதுதான் என்பீர்கள். ரயிலேறினால் ஒரு மணித்தியாலம். பெற்றோல் ஸ்டேஷன் வேலை, தபால் கந்தோர் வேலை, மச்சாளின் நோய் என்று போகவே கிடைக்கவில்லை.

நான் உற்சாகமாகத்தான் இறங்கினேன். படி ஏறத் தேவையில்லாத அறையுள்ள விடுதியொன்றைத் தேடிப் பிடித்தேன். லிப்ட் இருக்கிற ஸ்டேஷனாகப் பார்த்து ரயில் பதிந்தேன். சக்கர நாற்காலிக்கும் சொல்லிவைத்தேன். மிச்சம் இருந்தது சனிக்கிழமை மெஷின் மட்டும்தான். வெளியூர் போகிறவர்களுக்கு அந்தந்த ஊர்ப் பக்கத்திலேயே ஒரு முறை ஒதுக்கித் தருவார்கள். பல இடங்களுக்கு எடுத்து, கடைசியில் ஒரு இடத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தோடு உங்கள் அறைக்கு ஓடி வந்தேன்.

நீங்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்தீர்கள்.

"பிள்ளை, சனிக்கிழமைக்கு இடம் தேட வேண்டாம்."

"ஏன்? அண்டைக்கு உங்கட முறையெல்லோ?"

"முறைதான். வியாழக்கிழமையோட நிப்பாட்டப் போறன்."

பகிடி என்று நினைத்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். டொக்டரோடு எல்லாம் கதைத்தாயிற்று, மெஷினை விட்டால் ஒன்றிரண்டு கிழமைதான் என்றீர்கள். ஒவ்வொரு முறையும் மெஷினில் இரத்த அழுத்தம் விழுந்து, கண் இருண்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புகிறார்களாம். "ஒரு நாளைக்கு அந்தக் கதிரையிலயே முடிஞ்சிடும். அது எனக்கு விருப்பமில்லை. உங்கள் ரெண்டு பேரோடயும் ஒரு இடம் பார்த்திட்டுப் போறன்."

"தம்பிக்கு?"

"நான் சொல்லுறன். அங்க வைச்சு. அதுவரைக்கும் நீ வாய் திறவாதை."

நான் கத்தினேன். சண்டை பிடித்தேன். சமைக்காமல் கிடந்தேன். ஒன்றும் எடுபடவில்லை. "நீ அழுது முடி. முடிச்சிட்டு அந்த ரெண்டாவது அறையையும் பதிஞ்சுவிடு" என்றீர்கள். பதிந்தேன் அண்ணை. உணவு விருப்பம் என்ன என்று விடுதிக்காரி கேட்டாள். ஒருவர் சிறுநீரக நோயாளி, உப்புக் குறைக்கவேண்டும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் இனி அது எதற்கு என்று நினைத்தேன்.

தாங்ஸ்கிவிங் வியாழன் லண்டனுக்கு இன்னொரு வியாழன்தான். பஸ்கள் ஓடின, குப்பை வண்டி வந்தது, நீங்கள் மெஷினிலிருந்து வெளிறிப்போய் வந்தீர்கள். தம்பி பொஸ்டனிலிருந்து 'பை' என்கிற பூசணிக்காய்ப் பலகாரம் ஒன்றைப் பெட்டியோடு காவி வந்திருந்தான். நீங்கள் பெரிய துண்டாக வெட்டச் சொன்னீர்கள்.

"உங்களுக்கு இது கூடாதெல்லோ அண்ணை?"

"உன்ர ஊர்ப் பெருநாள். ஒரு துண்டு திண்டா என்ன? நன்றி சொல்லுற நாளெண்டுறாய், ஆருக்குச் சொல்லுறது?"

"ஆருக்கெண்டில்லை. மேசையில இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒண்டொண்டு சொல்லுவினம்."

"அப்ப நீ சொல்லு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா இல்லாத வீட்டில என்னைப் படிக்க வைச்சதுக்கு" என்றான். நீங்கள் தட்டிலிருந்த துண்டைப் பார்த்து, "இனிப்புக் கூடிப்போச்சு" என்றீர்கள். நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை கேன்டர்பரி. நல்ல குளிர், மழை இல்லை. கல் பாவிய தெருவில் சக்கர நாற்காலி அதிர்ந்தது. தேவாலய வளவுக்குள் தம்பி உங்களைத் தள்ளிக்கொண்டு போனான். கோபுரத்தின் கீழ் நிறுத்தச் சொல்லி, கழுத்து நோகுமளவுக்கு அண்ணாந்து பார்த்தீர்கள். "இவ்வளவு பெரிசே" என்றீர்கள். பிறகு ஆற்றோரக் கடையில் தேத்தண்ணீர் கேட்டீர்கள். ஒரு கோப்பை முடித்து இன்னொன்றும் கேட்டீர்கள். தம்பி தண்ணீர்க் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அன்றே சொல்லிவிடுவீர்கள் என்று பார்த்திருந்தேன். அவன் தன் மகளின் கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நீங்களும் சிரித்தீர்கள், சொல்லவில்லை.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் அவனே கேட்டான்.

"அண்ணை, இண்டைக்குச் சனியெல்லோ? எத்தினை மணிக்கு மெஷின்?"

"இண்டைக்கு இல்லை."

"அப்ப எப்ப?"

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "இனி இல்லை, தம்பி."

அவன் முதலில் என்னைத்தான் பார்த்தான். "அக்கா, உங்களுக்குத் தெரியுமே?" என்றான். ஓம் என்றேன். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். பக்கத்து மேசையில் வயதான தம்பதி பாணுக்கு வெண்ணெய் பூசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "என்னைப் படம் பார்க்கிறதுக்கே கூப்பிட்டனீங்கள்? கோபுரம் காட்டுறதுக்கே? இப்பவே கார் பிடிக்கிறன், லண்டனுக்குப் போறம், மெஷினில ஏறுறியள்!" வாழ்நாளில் உங்கள் முன்னால் குரல் உயர்த்தாதவன் அவன். அவன் கோட்டும் போடாமல் வெளியே போனான்.

நான் பின்னால் ஓடினேன். பழைய நகர மதிலின் மேல் நடைபாதையில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். "என்னைக் கேட்டிருந்தா நான் விட்டிருக்கமாட்டன். அதுதான் அண்ணை கேக்கேல்லை" என்றான். கீழே ரயிலொன்று லண்டன் பக்கம் போனது. அது மறையும்வரைக்கும் பார்த்தோம். பிறகு, "அவருக்குப் பயமில்லையே அக்கா?" என்று கேட்டான். இல்லையாம் என்றேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் அதே மேசையில் இருந்தீர்கள். தம்பி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்கள் ஊசித் தழும்புக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அன்று பின்னேரம் தேவாலயத்தில் பாட்டுக் கேட்டோம்.

லண்டனுக்குத் திரும்பியதும் அவன் தன் திங்கட்கிழமை விமானப் பயணத்தை நிறுத்தினான். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தான். வீட்டுக்கு வந்த தாதி, நித்திரை கூடும், மெல்ல மெல்ல அடங்கும் என்றுதான் எங்களுக்குச் சொன்னாள். எப்போது மனம் மாறினாலும் ஒரு போன் எடுத்தால் போதும், மெஷினுக்குத் திரும்பலாம் என்றும் சொன்னாள். அவள் சொன்ன மாதிரி மெல்ல அடங்கவில்லை. உடம்பு வீங்கியது. சொறி தாங்காமல் தோலைக் கீறினீர்கள், நகத்தை வெட்டிவிட்டேன். மூச்சு நீரில் இழுப்பதுபோல இழுத்தது. மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் தணிந்தது, திரும்பவும் வந்தது. ஒரு தரமும் நீங்கள் முறையிடவில்லை. தம்பி ஈரத் துணியால் உங்கள் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தான்.

கடைசி நாள் மத்தியானம் அவன் மருந்தெடுக்கப் பக்கத்திலுள்ள டூட்டிங்குக்குப் போயிருந்தான். நீங்களும் நானும் மட்டும். திடீரென்று கண்ணை விழித்து, தெளிவான குரலில் கேட்டீர்கள்.

"பிள்ளை, இண்டைக்குச் செவ்வாயே?"

செவ்வாய்தான். ஓம் என்றேன்.

"வான் வந்திட்டுதே?"

உங்களை மெஷினுக்கு ஏற்றிச் செல்கிற ஆஸ்பத்திரி வான். குனிந்து, "அண்ணை, மெஷினுக்குப் போகப் போறியளே? போன் எடுக்கட்டே?" என்று கேட்டேன். நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள், வேறெங்கும் இல்லை. "கால் சப்பாத்து எங்க?" என்றீர்கள். பிறகு கண் மூடிவிட்டது. உலுக்கிக் கேட்டேன், பதிலில்லை. தாதிக்கு எடுத்தேன். உடனே வந்தாள், பார்த்தாள். இரத்தத்தில் நஞ்சு ஏறினால் இப்படித்தான் பிதற்றுவார்கள், இனி மெஷின் தாங்காது என்றாள். தம்பி மருந்துப் பையோடு வந்து சேர்ந்தான். இருட்டமுன் எல்லாம் முடிந்தது.

அது பிதற்றல்தான் என்று பகலில் நம்புகிறேன். பழகிய நாளும் பழகிய வானும் வாயில் வந்தன, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் பார்த்த பார்வை பிதற்றுகிறவரின் பார்வையாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நினைத்தபடியே போனீர்கள் என்று தம்பி தன் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அடுத்த கிழமை வந்து என் மேசையில் உட்கார்ந்தும் சொல்லுவான். நான் ஓம் என்பேன். அந்த மத்தியானம் நீங்கள் கேட்டதை அவனுக்குச் சொல்லமாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

உங்கள்
தங்கச்சி