எருமை தின்ற மறைப்பு

17.12.1961, ஞாயிறு

படுத்தால் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

பழைய கதவு ஒன்றை ஆறு மண்ணெண்ணெய் டின்கள் மேல் கட்டிப் படகாக்கி, சுற்றிலும் ஆள் மறைகிற உயரத்துக்குப் பச்சைக் கோரை கட்ட எனக்கு மூன்று வாரம் ஆனது. இன்று விடியலில் அதை ஏரி நடுவில் நிறுத்தி, துப்பாக்கியோடு உள்ளே குந்தியிருந்தேன். தாரா வாத்துகள் கூட்டமாக இறங்கி என் பக்கமே நீந்தி வந்தன.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் சரக் சரக்கென்று சத்தம். என் பங்காளி ஏகாம்பரத்தின் எருமை நீந்தி வந்து கோரையை மென்றுகொண்டிருந்தது. அதட்டினால் தாரா பறந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். சனியன், பின்பக்கத்தை முடித்துவிட்டு முன்பக்கத்துக்கு வந்தது. தாராக்கள் என்னை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழும்பின.

கரையில் ஏகாம்பரம் நின்றிருந்தான். நேற்று நான் கோரை கட்டியதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"இன்னா அண்ணாத்தே, தண்ணி நடுவுல தனியா குந்திக்கினு கீற? வேட்டைன்னாங்களே!" என்று கத்தினான். துணி துவைக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பெங்களூர் ரோட்டில் போன லாரிக்காரன்கூட நிறுத்திப் பார்த்தான்.

நாளைக்குப் புதுக் கோரை கட்டுவேன். இடையிடையே வேலியோரத்து அரளியையும் சொருகுவேன். அரளி இலையும் நீளம்தான். தாராவுக்கு வித்தியாசம் தெரியாது.

எருமைக்கும் தெரியாது.