நான்காவது பொட்டு

காலிப் பால் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு காரைத் தடவிப் பார்க்கும் என் அருமை மாமாவுக்கு,

மாப்பிள்ளை நலம். நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முதலில் சொல்லிவிட்டேன். அத்தையும் நலம். உங்கள் மகன் முகுந்தனும் நலம். இந்த வரிசை நீங்கள் போட்டது. நான் மாற்றவில்லை.

கூடவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை என்பது ஒரு கார். கறுப்பு நிறம், ஜெர்மன்காரன் செய்தது. இரண்டு கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. நீளம் எங்கள் வீட்டு முகப்பைவிட அதிகம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர், ஷிஃப்டுக்கு சைக்கிளில் போய் வந்தவர், ஓய்வுக்குப் பிறகு காட்டூர் மனையை விற்றுவிட்டு இந்தக் காரோடு ஸ்ரீரங்கத்துச் சந்துக்குள் நுழைந்தார். என் மாமனார். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம் அது.

"எனக்குப் பொண்ணு இல்ல. மாப்பிள்ளைய உபசாரம் பண்ற கொடுப்பினையும் இல்ல. அதான் ஒருத்தரக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றீர்கள்.

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளைன்னா வருஷத்துக்கு ரெண்டு தடவ வருவாரு. இவரு தினம் வாசல மறிச்சுக்கிட்டு நிப்பாரு போலயே."

உபசாரம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. வெயில் ஏறுவதற்கு முன்னால். இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் அலசாமல் துணியை மறுபடி ஷாம்புக்குள் விட்டேன், ஒரே ஒரு முறை. அந்தப் பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் பால் கவரைக் கழுவி, கையில் மாட்டி, பானட்டை மெல்லத் தடவுவீர்கள். வெறும் கைக்குப் பிடிபடாத மணல் பிளாஸ்டிக் வழியாகப் பிடிபடும் என்று சொல்வீர்கள். "இங்க ஒரு பொடி நிக்குது." நானும் தடவுவேன். எனக்கு எதுவும் நிற்காது.

ஆனால் அதே பானட்டைத் திறக்கச் சொன்னால்?

"அது வேற செக்‌ஷன்மா."

அப்படித்தான் உள்பக்கம் எனக்கு வந்தது. நானூறு பக்கக் கையேடு. எம்.ஏ. பாடப் புத்தகங்களுக்குக்கூட நான் அவ்வளவு அடிக்கோடு போட்டதில்லை. "பரீட்சை எப்பம்மா?" என்று கேட்டுக்கொண்டே போவீர்கள். ஆயில் மாற்றும் நாள், கூலன்ட் அளவு, டயர் காற்று எல்லாம் என் பக்கம். பளபளப்பு உங்கள் பக்கம். நான் உங்கள் பக்கெட்டைத் தொடவில்லை, நீங்கள் என் கையேட்டைத் தொடவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஓனர்.

நீங்கள் போன பிறகு மாப்பிள்ளைக்குப் பாதி ஓனர்.

*

போன ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை, எலுமிச்சை, தேங்காய். கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்தீர்கள். பின் பம்பரில் நாணயம் அளவில் நான்கு வட்டங்கள் இருக்கும். "பாரும்மா, பொட்டு வைக்கறதுக்குன்னே ஜெர்மன்காரன் இடம் விட்டிருக்கான்." கட்டைவிரலால் சந்தனம், அதன் மேல் குங்குமம். வருடா வருடம் அப்படித்தான். மறுநாள் விஜயதசமி காலையில் முதல் வேலையாகக் கழுவி விடுவீர்கள்.

மறுநாள் காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை.

வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று அன்று யாரோ மாப்பிள்ளைக்கு உறை போட்டுச் சந்தின் கோடிக்குத் தள்ளி நிறுத்தினார்கள். ஐந்து மாதம் அது அங்கேயே நின்றது. நானும் போகவில்லை. கையேட்டைக்கூடத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக எடுத்தேன். நம் சந்து முட்டுச்சந்து, கடைசி வரை பின்னாலேயே வர வேண்டும். ரிவர்ஸில் போட்டதும் வண்டி கத்த ஆரம்பித்தது. விட்டு விட்டு அல்ல. ஒரே நீளமாக. பின்னால் சுவர் இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தது. டேஷ்போர்டில் ஏழு எச்சரிக்கை விளக்குகள்.

அத்தை பின்சீட்டில் காதைப் பொத்திக்கொண்டார். "அவரக் காணோம்னு அழுவுது" என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

சர்வீஸ்காரர்கள் பார்த்தார்கள். பம்பரைக் கழற்ற வேண்டும், பின்பக்க வயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். முகுந்தனுக்கு அது போதுமாக இருந்தது. உங்கள் மகனுக்கு ஸ்கூட்டரைத் தாண்டி எதுவும் வண்டி இல்லை, தெரியுமே.

"நம்மால ஆகாது தாரணி. முசிறியில ஒருத்தர் கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னாரு."

"அதுக்குள்ள நான் சரி பண்ணிட்டா?"

"சர்வீஸ் ஆளுங்களாலயே முடியல."

"பண்ணிட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பண்ணிட்டா உன் பேருக்கே மாத்தித் தரேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

*

மாமா, உள் செக்‌ஷன் வேலையை உங்களுக்கு நான் விளக்கியதே இல்லை. நீங்களும் கேட்டதில்லை. இப்போது கேளுங்கள், எழுந்து போக முடியாது.

புதன். பேட்டரி. மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு அதுதான் முதல் சந்தேகம். இந்த வண்டிகளுக்கு மின்சாரம் கொஞ்சம் குறைந்தால் போதும், இல்லாத நோயெல்லாம் சொல்லும். சார்ஜர் போட்டு நாள் முழுக்க விட்டேன். ஏழு விளக்கில் ஐந்து போயின. கையேட்டில் நான் அடிக்கோடிட்ட வரி அப்படியே நடந்தபோது, சத்தியமாக, துள்ளினேன்.

வியாழன். டயரில் காற்று. ஆறாவது விளக்கும் போனது. மிச்சம் ஒன்று. ரிவர்ஸ்.

வெள்ளி. ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகும் சின்ன ஸ்கேனரை வைத்துப் பார்த்தேன். பின்னால் எது நெருங்கினாலும் கண்டுபிடித்துச் சொல்லும் பின் சென்சார்கள் சரியான பதில் தரவில்லை என்றது. அது எனக்கே தெரியும். ஏன் தரவில்லை? அதை ஸ்கேனர் சொல்லாது.

சனிக்கிழமை காலை ஒரு விஷயம் படித்தேன். உயிரோடிருக்கும் சென்சார் மெல்லத் துடிக்கும். காதை ஒட்டி வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். கேட்காதது வேலை செய்யவில்லை.

முகுந்தனை உள்ளே உட்கார வைத்தேன். என்ஜின் ஓடக் கூடாது, சாவி மட்டும் திரும்ப வேண்டும், பிரேக்கிலிருந்து கால் எடுக்கக் கூடாது, ரிவர்ஸ். நான் சந்தில் பாயை விரித்துப் படுத்து, பம்பரில் சென்சார்கள் இருக்கும் அந்த வட்டங்களில் காதை வைத்தேன். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடியோடு நின்றுவிட்டார்.

"என்னம்மா, காருக்குக் காய்ச்சலா?"

"நெஞ்சு சளிக்கா. கொஞ்சம் பேசாம இருங்க."

முதல் வட்டம். ஒன்றுமில்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவது. இல்லை. நான்காவதில் டிக், டிக், டிக். சின்னக் கடிகாரம் மாதிரி. என் கன்னத்தில் வந்து தட்டியது.

அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அதுவரை ஸ்கேனரைப் பார்த்தேன், கையேட்டைப் பார்த்தேன், பம்பரைப் பார்க்கவில்லை. அது உங்கள் செக்‌ஷன் அல்லவா.

மூன்று வட்டங்களின் மேலும் சந்தனம். அச்சாக, நடு மையத்தில், காய்ந்து கல்லாகி. உறைக்குள்ளே இருந்ததால் மழையும் தொடவில்லை. வயரிங் நன்றாக இருந்தது. மாப்பிள்ளையை மறுநாள் குளிப்பாட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான் பழுது.

நான்காவது பொட்டு மட்டும் வட்டத்தில் இல்லை. ஒரு விரல் இடப்பக்கம் தள்ளி இருந்தது. ஏன் மாமா? குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதா? அத்தை சுண்டலுக்குக் கூப்பிட்டாரா? நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தேனா?

ஈரத்துணி எடுத்து வந்தேன். உட்கார்ந்தேன். கிட்டத்தில் பார்த்தால் சந்தனத்தில் கோடுகள். வளைந்து வளைந்து. உங்கள் கட்டைவிரல் ரேகை.

துணி கையிலேயே இருந்தது.

சந்தனம்தானே என்று நினைத்தேன். விரல் என்றும் நினைத்தேன். துடைத்தால் வண்டி இருக்கும். துடைக்காவிட்டால் வண்டியோடு சேர்ந்து நாளை முசிறிக்குப் போகும். கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. கை நகரவில்லை.

அத்தை வந்தார். பார்த்தார். என்னை, பிறகு பம்பரை. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையின் ஓரத்தைப் பக்கெட்டில் நனைத்தார்.

"அத்தை, புடவையால தொடைச்சா கோடு விழும்பாரு மாமா."

"விழட்டும். வந்து பாலிஷ் போட்டுக்கட்டும்."

முதல் பொட்டின் மேல் ஈரத்தை வைத்து, ஊறும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் கண்மை கலைக்கிற மாதிரி. பிறகு ஒரே இழுப்பு. இரண்டாவது. மூன்றாவது. முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"இன்னும் வாசனை இருக்கு தாரணி" என்றார். பிறகு, என்னவோ, சிரிக்க ஆரம்பித்தார். "வண்டி அழுவுதுன்னு நெனச்சேன். மனுஷன் அது வாயில சந்தனத்த அப்பிட்டுப் போயிருக்காரு!"

நானும் சிரித்தேன். முகுந்தன் பிரேக்கில் கால் வைத்தபடி உள்ளேயிருந்து கத்தினார். "என்ன ஆச்சு? காலை எடுக்கவா வேணாமா?" அது எங்களுக்கு இன்னும் சிரிப்பு.

காதை வைத்தேன். டிக். டிக். டிக். நான்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை முசிறிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வாழை வியாபாரம். வர வேண்டாம் என்று சொல்ல முகுந்தனுக்கு மனம் வரவில்லை, வந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. முசிறிக்காரர் டிக்கியைத் திறந்து கையால் முழம் போட்டார். "இதுல எத்தன தார் வைக்கலாம்ங்க?"

மாமா, உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

நான் வண்டியை எடுத்துச் சந்து முழுக்கப் பின்னால் ஓட்டிக் காட்டினேன். சத்தமே இல்லை. தெருமுனைச் சுவர் நெருங்கும்போது மட்டும் பிப்... பிப்... பிப் பிப். அவ்வளவு மரியாதையாக. அவருக்கு ஆசை கூடிவிட்டது. "நல்லா வச்சிருக்கீங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. நான் எடுத்துக்கறேன்."

அத்தை காபி டம்ளரை நீட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளைய எங்கயாவது விப்பாங்களா?"

அவருக்குப் புரியவில்லை. முகுந்தன் எல்லாவற்றையும் சொன்னார். காட்டூர் மனை, பால் கவர், பொட்டு. முசிறிக்காரர் காபியை ஆற்றிக்கொண்டே பின்பக்கம் போய் நான்காவது பொட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். வாங்குவது பற்றி அப்புறம் பேசவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு பூவன் தார் அனுப்பினார். மாப்பிள்ளைக்குச் சீர் என்று காகிதத்தில் எழுதிக் கட்டியிருந்தது.

முகுந்தன் சொன்ன சொல் தப்பவில்லை. ஆர்.சி.யில் இப்போது என் பெயர்.

அந்த ஞாயிறு சாயங்காலம் மூன்று பேரும் காவிரிப் பாலம் தாண்டி மலைக்கோட்டை வரை போய் வந்தோம். அத்தை பின்கதவைத் திறக்கவில்லை. முன்னால் ஏறினார். உங்களோடு போகும்போது ஒரு நாளும் முன்னால் உட்காராதவர். ஏன் என்று கேட்டேன்.

"அவரு ஓட்டறதப் பாத்தா பயமா இருக்கும். முதுகப் பாத்தா தைரியமா இருக்கும்" என்றார்.

இது உங்களுக்குத் தெரியுமா மாமா?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இப்போது நாங்கள் இரண்டு பேர். நான் ஷாம்பு, அத்தை தண்ணீர். பால் கவர் அத்தையிடம். "இங்க ஒரு பொடி நிக்குது" என்கிறார். நான் தடவினேன். போன வாரம் முதல்முறையாக எனக்கும் நின்றது. பின் பம்பருக்கு வரும்போது அத்தை நான்காவது பொட்டைச் சுற்றித் துணியை வளைத்து ஓட்டிவிட்டு அடுத்த பக்கம் போவார்.

வரும் ஆயுத பூஜைக்கு நமக்குப் பண்டிகை இல்லை. மறுநாள் உங்கள் திதி. அதற்கடுத்த வருடம்தான் பொட்டு. அதுவரை மாப்பிள்ளை ஓட வேண்டும், பேட்டரி சாகக் கூடாது, பெல்ட் அறுந்துவிடக் கூடாது, அவருக்கு வயதும் ஆகிறது. ஓட வைப்பேன். அது என் செக்‌ஷன்.

அன்றைக்குச் சந்தனம் குழைத்துப் பின்பக்கம் குனிவேன். ஜெர்மன்காரன் விட்ட இடத்தில் வைக்க மாட்டேன். நீங்கள் கடைசியாக வைத்த அளவில், ஒரு விரல் தள்ளி வைப்பேன். நான்கும்.

இரண்டு செக்‌ஷனையும் சேர்த்துப் பார்க்கும்
உங்கள் மருமகள்,
தாரணி