பச்சை அட்டையை யார் வாங்குவது

அன்புள்ள தலைவிக்கு,

உன் அம்மாவுக்குக் காவல் வைக்கத்தான் நீ இந்தக் குழுவையே ஆரம்பித்தாய். முதியோருக்குத் துணை, அக்கம்பக்கத்தார் கைகோர்ப்பு என்று நோட்டீஸில் போட்டதெல்லாம் பிறகு வந்தது. உன் கையில் விமான டிக்கெட் இருந்தது. அம்மா தனியாக இருக்கப் போகிறார். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டும். அதைச் செய்துவிட்டுப் போனாய். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கால் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை.

போனில் சொல்லலாம்தான். நீ பேச விடமாட்டாய். "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் திட்டம் அம்மாவுக்கும் அன்றைக்கே தெரியும். முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? பெரியவர்கள் வரிசையில் அம்மாவுக்கென்று மெத்தை போட்ட நாற்காலி வைத்திருந்தாய். அம்மா அதைத் தாண்டி நேராக மேசைக்கு வந்தார். தொண்டர்களுக்கு வைத்திருந்த பச்சை அட்டைகளில் ஒன்றை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "என்னை யாரும் வந்து பாக்க வேணாம். நான் போய்ப் பாக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். ஆனால் போட்ட கணக்கு தப்பியவள் முகம் அது.

குழுவின் சேதி கேட்டிருந்தாய். தேய்ந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் சான்றிதழ் கைக்கு வந்ததும் காணாமல் போனார்கள். ஒரு சங்கத்துக்காரர்கள் பேனரோடு வந்து, வெயில் கொளுத்தும் நாளில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். முதுகு கூனிப்போன நம் தையல்காரம்மா அதை வெட்டி மிதியடி தைத்துவிட்டார். வார்டு உறுப்பினர் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பாக்கி இருப்பது வேலைக்குப் போய்விட்டு வந்து மாடிப்படி ஏறும் எங்களைப் போன்ற நாலைந்து பேர். ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை எங்கள் முழங்காலில் ஏற்றிவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நீ சொல்லிக்கொடுத்த முறை மட்டும் மாறவில்லை. வீட்டுக்குள் போனதும் முதலில் உட்கார வேண்டும். நின்றுகொண்டே நலம் விசாரித்தால் சோதனை போட வந்த அதிகாரி மாதிரி இருக்கும் என்பாயே. உட்கார்ந்து, பேசி, அதற்குப் பிறகுதான் மாத்திரை டப்பா, கால் நகம், எரியாத பல்பு, ஃப்ரிட்ஜில் அழுகியது எல்லாம். எழுந்து வந்து கதவு திறக்க முடியாதவர்களின் மாற்றுச்சாவி எங்களிடம் இருக்கும். அம்மாவிடம் இரண்டு சாவிகள். ஒன்று தையல்காரம்மா வீட்டுடையது, இன்னொன்று டிரைவருடையது.

டிரைவரைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன். மனைவி போன பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்குத் தெருமுனைக்குப் போகப் பிடிக்கவில்லை. அம்மா அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் டிரைவர் தினமும் சாயங்காலம் நடக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு ஒரே பெருமை. "இந்த மனுஷனை இழுத்துக்கிட்டு நடக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு" என்று சலித்துக்கொள்வார். மாதக் கூட்டத்தில் இரண்டு பேருக்கும் கைதட்டினோம். நான்தான் அதை அறிக்கையாக எழுதி உனக்கு அனுப்பினேன். நீ அதை அங்கே உன் ஆபீஸில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னாய்.

டிரைவர் போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருக்கும் வார்டில் போய்ப் பார்த்தேன். நீ சொன்னபடி முதலில் உட்கார்ந்தேன், தரையில். தனியாக அந்தச் சரிவுக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானா வாக்கிங் போனேன்? அவங்களைக் கொண்டுபோய் வீட்ல விட்டுட்டுத் திரும்பி வரேன்மா, அவ்வளவுதான்."

ஆரம்பத்தில் ஒருநாள் அம்மா அவர் வீட்டிலிருந்து கிளம்பியவர், தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். டிரைவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். விடுவிடுவென்று இறங்கிப் போய், எனக்கும் கொஞ்சம் நடக்கணும், துணைக்கு வரீங்களா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். "நான் முன்னாடி போகமாட்டேன். அரை அடி பின்னாடியே போவேன். தப்பாத் திரும்பினா, இந்தப் பக்கம் நிழலா இருக்குன்னு சொல்லுவேன். ரூட்டை மாத்தி விடறது எனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கப் பார்த்தார். இடுப்பு வலியில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அங்கிருந்து நேராகத் தையல்காரம்மாவிடம் போனேன். அம்மா வாரம் தவறாமல் போய் அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்புகிறார் இல்லையா? கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அவங்க போட்டு வச்சுட்டுப் போனதும் நான் எல்லாத்தையும் கொட்டி மறுபடி போட்டுக்குவேன். ராத்திரி மாத்திரை காலையில கெடக்கும். அதுக்கென்ன இப்ப?" என்றார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "உங்ககிட்ட சொன்னா அட்டையைப் புடுங்கிடுவீங்க. அதை வாங்கிட்டா அப்புறம் அந்த அம்மாகிட்ட என்ன இருக்கு?"

தலைவி, நாங்கள் கைதட்டினோம். தேறி வருகிறார் என்று எழுதினோம். யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது, நடக்க முடியாத ஒருத்தருக்கும் நிமிர முடியாத ஒருத்திக்கும் தெரிந்திருந்தது. அட்டை மாட்டிய எங்களுக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரியாததில் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு முன்னால் அம்மா தலைவாரி, அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். சாப்பிட்டியா, மூட்டு வலி எப்படி, மழை உண்டா, கதவைப் பூட்டிக்கிட்டியா. நீ கேட்கும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவருக்குப் பதில்கள் மறப்பதில்லை. ஒரு தடவை வேறு எதையாவது கேட்டுப் பார்.

இப்போது நடப்பதைக் கேள். டிரைவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அடப் பாவமே, போய்ப் பாக்கணும்" என்கிறார். மறுநாள் சாயங்காலம் பூட்டிய டிரைவர் வீட்டைத் தன்னிடம் உள்ள சாவியால் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார். முதலில் உட்கார வேண்டும் அல்லவா? டிரைவர் வாக்கிங் முடித்து வருவார் என்று காத்திருக்கிறார். இருட்டுகிற நேரத்தில் கீழ்க்கடைக்காரர் எனக்குப் போன் செய்வார். நான் பாதி வேலையில் ஓடிவந்து வீட்டில் கொண்டுபோய் விடுவேன். இன்னொரு தடவை இப்படிப் போனால் திரும்பி வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை.

குழுவில் பேசினோம். சாவியையும் அட்டையையும் அம்மாவிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வேறு வழியில்லை, எனக்கும் அது புரிகிறது. நாளைக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தால் யார் பொறுப்பு? யார் போய் வாங்குவது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டாசு என்றால் வெடிப்பதற்கு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அந்தப் பெயரை எனக்கு வைத்ததே உன் அம்மாதான்.

நான் வாங்கமாட்டேன். நீ வா. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீ வாங்கு. பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்றாய்.

இப்படிக்கு,
பட்டாசு

* * *

அன்புள்ள தலைவிக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது என்று தெரியும். கைகூப்பும் படம் ஒன்று அனுப்பியிருந்தாய். "இந்த வாரம் கொஞ்சம் பிஸி, பேசலாம்" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட நீ கூப்பிடவில்லை. அம்மா தலைவாரிக்கொண்டு சாயங்காலம்வரை போன் பக்கத்தில் இருந்தார். லைன் கிடைக்கவில்லையாம் என்று நான் பொய் சொன்னேன். உனக்காகச் சொல்லவில்லை.

டிரைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை போகிறார், அவ்வளவுதான். அம்மா அங்கிருந்து கிளம்பும் நேரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்கிறார். தப்பாகத் திரும்பினால் கீழ்க்கடைக்காரரைக் கூவி அழைக்கிறார். பஸ்ஸில் ஆள் இறங்காமலே வண்டி எடுத்துவிட்ட மாதிரி கூவுகிறார். தெருவே அதைக் கேட்கிறது. இது எத்தனை நாளைக்கு நடக்கும்?

கிடங்கு வேலை போய்விட்டது. அதற்காக உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இப்படி ஒரு காரணத்துக்காக ஆளை வெளியே தள்ளுகிற இடம் அது. ஆனால் வேறு வேலை தேட வேண்டும், கிடைத்தால் எந்த ஷிஃப்ட் என்று தெரியாது.

கடைசியில் நான்தான் போனேன். நேற்று மத்தியானம். அட்டையை வாங்கிவிடுவது என்று படியேறும்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். அம்மா கதவைத் திறந்தார், அட்டை கழுத்தில் இருந்தது. எனக்கு முன்னால் அவர் போய் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். "கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு? தூக்கி இதுமேல வைங்க" என்றார். நான் வைத்தேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்து அம்மா என்னிடம் டி போடாமல் பேசியதே இல்லை. பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். என் காலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, சதையில் படாமல், அவ்வளவு பொறுமையாக வெட்டினார். கை நடுங்கவே இல்லை. மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கறீங்களா என்று கேட்டார். எடுத்துக்கறேன் என்றேன். பல்பு எல்லாம் எரியுதா என்றார். எரியுது என்றேன்.

நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வீட்டிலேயே, என்னைப் பார்க்க வந்த தொண்டராக அவர் உட்கார்ந்திருந்தார்.

வெட்டிய நகத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே கேட்டார். "பசங்க எல்லாம் எங்க இருக்காங்க? வந்து பாக்கறாங்களா?"

நான் காலை அவர் மடியிலிருந்து இறக்கினேன். அம்மா என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "வேலை இருக்கும். பாவம், அதுங்களும் என்ன பண்ணும்? கோவிச்சுக்காதீங்க. வராம இருக்கமாட்டாங்க" என்றார். இதையே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னபோது கதவைப் பார்த்துச் சொன்னார்.

அட்டையை வாங்கவில்லை. எப்படி வாங்குவேன்? அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். படியில் பார்த்து இறங்கச் சொன்னார்.

நீ அங்கே நன்றாக இரு. உன் வேலையும் வீடும் நல்லபடியாக இருக்கட்டும், அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் வரும்போது அதே கேள்வியைக் கேட்பார். படம் அனுப்பாதே. பிஸி என்று எழுதாதே. வருகிறாயா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுதுடி.

பட்டாசு