கணக்கில் வராத முறுக்கு

குமுளி, ஆகஸ்ட் 6, 2024

காலை நடை. வழியில் மொய்துவின் ஏலக்காய்க் கிடங்கைப் பார்த்தேன். பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் வரைந்து கொடுத்த ஒரே கட்டடம். மாடிப் பால்கனியை ஒரே கான்கிரீட் உத்தரம் தாங்குகிறது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய தளம் இல்லை. மூட்டை தூக்கத் திறப்பு விட்டிருக்கிறார்கள். பின்னால் பிடிப்பு இல்லையென்றால் பால்கனியின் பாரம் முழுவதும் உத்தரத்தை முறுக்கும். என் கணக்கில் முறுக்கே கிடையாது.

"தெறப்பு விடலாமான்னு போன்ல கேட்டப்ப நீங்கதானுங்க சார், பாக்கலாம்னீங்க," என்றார் மொய்து.

சொன்னேன். மறுக்கத் தைரியம் இல்லாதபோது அப்படித்தான் சொல்வேன்.

ஆகஸ்ட் 7

மூன்று முறை கணக்குப் போட்டேன். உத்தரம் தேறவில்லை. கம்பி கட்டிய சிலுவைராஜிடம், உத்தரத்துக்குள் நீளக் கம்பிகளைச் சுற்றிப் போடும் வளையங்களைப் பற்றிக் கேட்டேன்.

"மேல தெறந்துதான் சார் போட்டோம். சாதா பீம்தானே."

முறுக்குக்கு நாலு பக்கமும் மூடிய வளையம் வேண்டும். நானும் வரைபடத்தில் குறிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

உத்தரத்தில் தூண் அருகே விரிசல். சாய்வாக இறங்கி, அடியில் சுற்றி, மறுபக்கம் ஏறுகிறது. பூச்சு விரிசலாக இருக்கலாம் — பூச்சு விரிசல் இப்படிச் சுற்றுமா?

மேலே பால்கனியில் ராமுத்தாயும் அவள் தங்கை குருவம்மாளும் இன்னும் நாலு பெண்களும் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே உட்காரலாமே என்றேன்.

"உள்ள இருட்டுல பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான்யா தெரியும். நீங்க வந்து பொறுக்குறீகளா?" என்றாள் குருவம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

மொய்துவுக்குக் கடிதம். முதலில் 'பால்கனியில் யாரும் ஏறக் கூடாது' என்று எழுதினேன். கடுமையாகப் பட்டது. கிழித்தேன். பிறகு: 'வசதிப்படும்போது முட்டுக் கொடுப்பது நல்லது.' கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

"ஓணம் கழியட்டுங்க சார்."

ஆகஸ்ட் 19

விரிசலுக்குள் நகம் நுழைகிறது.

ஆகஸ்ட் 24

மழை. போகவில்லை. சளி. அதுதான் காரணமா?

ஆகஸ்ட் 27

காலை பத்தரை. தூணோரம் உத்தரம் முறுக்கி உடைந்து, பால்கனி விழுந்துவிட்டது. ஆறு பேரும் மேலே இருந்திருக்கிறார்கள்.

குருவம்மாள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 30

விசாரணைக்கு வந்த அதிகாரி என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுத்தில் எச்சரித்திருக்கிறீர்கள், உங்கள் மேல் ஒன்றும் வராது என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

செப்டம்பர் 3

தேனி ஆஸ்பத்திரி. ராமுத்தாயின் இரண்டு காலிலும் கட்டு. கட்டிலருகே போய் நின்றேன். கேட்டாள்.

"ஐயா, ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்னு பேசிக்கிறாக."

"தெரியும்," என்றேன்.